பதின்மூன்று பங்கு யூரியா

அலுமிதாவுக்கு எதற்குத்தான் பயம் இல்லை? நாய்க்குப் பயம், கப்பலுக்குப் பயம், புயல் வரும் என்றால் பயம், வராமல் போனால் அடுத்தது பெரிதாக வருமோ என்று அதற்கும் பயம். கேட்டு வந்த நல்ல பையன் ஒருவனுக்குச் சரி என்று சொல்லவும் பயந்து, மாட்டேன் என்று சொல்லவும் பயந்து, அவனும் காத்துக் காத்து அலுத்துப்போய் லெவூகாவில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கும் பாய் சுருட்டிக்கொண்டு போய் மொய் வைத்துவிட்டு வந்தாள். போகாவிட்டால் யாராவது ஏதாவது பேசுவார்களே என்ற பயம்.

இப்படிப்பட்டவளுக்குக் கணக்கு ஒன்றுதான் பயம் தராதது. எண்கள் முறைத்துப் பார்ப்பதில்லை, கதவைத் தட்டாமல் உள்ளே வருவதில்லை. அந்தத் தெம்பில்தான் ரா மாவட்டத்தின் காய்ந்த மலையடிவாரத்தில் இருக்கிற வுனிகூரா என்ற ஊரிலிருந்து தலைநகர் சுவாவுக்குப் படிக்க வந்தாள். படித்து முடித்த பல்கலைக்கழகத்திலேயே வேலையும் கிடைத்தது. வகுப்பில் நின்று பாடம் நடத்தச் சொன்னார்கள். முதல் நாளே அத்தனை முகங்களைப் பார்த்து மிரண்டு, பலகையைப் பார்த்தபடியே ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். மறுவாரம் அவளைப் பாடப் புத்தகம் தயாரிக்கிற பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டனை என்று நினைத்து அனுப்பினார்கள். அவளுக்கோ சொர்க்கம்.

தீவு தீவாகச் சிதறிக் கிடக்கிற மாணவர்களுக்குக் கப்பலில் போகிற புத்தகங்கள் அவை. கணினி, கணிதம், சூழலியல், கால்நடை அறிவியல் என்று நான்கு பாடங்கள். பாடத்தை எழுதுவது டாக்டர் பட்டக்காரர்கள். அதில் வரும் கணக்குகள் எல்லாம் அலுமிதாவுடையவை. துறைத் தலைவர் டாக்டர் விமலேஷுக்கு ஒரு யோசனை தோன்றியது. நான்கு புத்தகத்திலும் ஒரே பண்ணை வரட்டும் என்றார். அந்தப் பண்ணையின் புல் எத்தனை மாட்டைத் தாங்கும் என்று சூழலியல் கேட்கும். பால் கணக்குக்குக் கணினி நிரல் எழுதச் சொல்லும். கணிதம் அதே மாட்டை வைத்து விகிதம் கற்றுக்கொடுக்கும். கால்நடைப் புத்தகம் தீவனம் கலக்கும். இல்லாத ஊரில் இல்லாத மாடுகள். மாணவர்கள் அதற்கு அலுமிதா பண்ணை என்று பேர் வைத்துவிட்டார்கள். பட்டம் வாங்க சுவாவுக்கு வருகிறவர்கள் அவள் அறை வாசலில் எட்டிப் பார்த்து, "டீச்சர், உங்க மாடெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்தப் பண்ணையின் எண்களை அவள் மாற்றியாக வேண்டும். தீவுகளில் அண்ணன் புத்தகம் தம்பிக்கு, தம்பி புத்தகம் அத்தை மகளுக்கு என்று கைமாறும். போகிற புத்தகத்தில் விடைகள் பென்சிலில் எழுதியே போகும். அதனால் போன வருட நாற்பது மாடு இந்த வருடம் ஐம்பத்தேழு ஆகும். கணினியில் ஒரே ஒரு அட்டவணைதான். அதில் ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் நான்கு புத்தகங்களிலும் தானாக மாறிவிடும். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சினார்கள். அலுமிதா மட்டும் அச்சுக்குப் போன பிறகும் ராத்தூக்கம் கெட்டு, மாற்றிய எண்களை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு பிழை கூட வந்ததில்லை.

அன்று காலை அவள் மேஜைத் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரே காற்றிரைச்சல்.

"மாமா மவளே! பயப்படாதே, நான்தான்!"

சிகேலி. அவள் அத்தை மகன். நம் பக்கத்தில் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் பேசிக்கொண்டால் மரியாதை எதிர்பார்க்கக் கூடாது. எவ்வளவு மட்டமாகக் கிண்டல் பண்ணினாலும் கோபம் வரக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை இவர்கள் இரண்டு பேரும் பால்குடி மறந்த நாளிலிருந்து மீறியதில்லை.

"இன்னும் உயிரோடதான் இருக்கியா மச்சான்? உன் சாவுச் சேதி ரேடியோவுல வரும்னு தினம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நான் செத்தா நஷ்டம் உனக்குத்தான். திட்டறதுக்கு வேற ஆளு ஏது? சேதி கேளு. உன் பண்ணைக் கணக்கைப் போட்டுட்டேன்! ரெண்டு தடவை போட்டேன், ரெண்டு தடவையும் ஒரே விடை!"

"ஐயையோ, வானம் கீழே விழுந்திருச்சா அங்க?"

"வானம் எங்க விழுது, ஒரு சொட்டு மழையே விழல. மலையில புல்லு பூரா கருகிப் போச்சு. மாமாவோட எருது ரெண்டும் எலும்பும் தோலுமா நிக்குது, பார்க்கச் சகிக்கல. அதான் உன் புத்தகத்துல இருக்கே, மொலாசஸ் கலவை, அதைப் பண்ணிட்டேன். மொலாசஸ் பாகு கரும்பு மில்லுல ஒரு பீப்பாய் கிடைச்சிருச்சு. வீட்ல இருந்த அரை மூட்டை யூரியா பத்தல, பக்கத்து வீட்ல ஒரு மூட்டை வாங்கினேன். உன் பண்ணை மாடுங்க யூரியாவை இந்தத் தின்னு தின்னுதே!"

"உன் சொந்தக்கார மாடா இருக்கும். சாப்பாட்டுக்கு வஞ்சகம் பண்ணாது."

அவன் சிரித்தான். "மத்தியானம் தொட்டியில ஊத்தறேன். மாமா மூஞ்சியைப் பார்க்கணும் நீ..." என்பதற்குள் காற்று அவன் குரலை வாரிக்கொண்டு போய்விட்டது. வுனிகூராவில் போனுக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏற வேண்டும். அங்கேயும் சுற்றிச் சுற்றி நின்று பார்க்க வேண்டும்.

அலுமிதா சிரித்த முகத்தோடே வேலைக்குத் திரும்பினாள். சிகேலி எட்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவன். தாய் செத்த பிறகு தாய்மாமன், அதாவது அலுமிதாவின் பெரியப்பா, வீட்டிலேயே வளர்ந்து, மாமன் நிலத்தில் கரும்பு வெட்டி, மாமன் எருதை ஓட்டுகிறவன். அக்காள் தங்கை பிள்ளைக்கு மாமன் வீட்டில் இல்லாத உரிமையா? ஆனாலும் முதுகுக்குப் பின்னால், மாமன் சோறு என்று ஊர் பேசத்தான் செய்யும். போன வருடம் அவள்தான் அவனைப் பிடித்து இழுத்துவந்து, பள்ளியைப் பாதியில் விட்டவர்களும் சேரக்கூடிய கால்நடைப் படிப்பில் சேர்த்துவிட்டாள். "கணக்கு வராதே" என்றவனிடம், "கணக்கெல்லாம் நான் எழுதறதுதான், என்னை நம்பு" என்று சொல்லியிருந்தாள்.

அரை மூட்டை பத்தவில்லை என்றானே.

அந்த வார்த்தை சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு பீப்பாய் மொலாசஸுக்கு அரை மூட்டை யூரியா ஏன் பத்தாது? எழுந்து அலமாரியிலிருந்து இந்த வருடக் கால்நடைப் புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டுவதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் புரட்டினாள்.

நூறு பங்கில் மூன்று பங்கு யூரியா என்று இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று என்று இருந்தது.

விகிதக் கணக்கு ரொம்ப எளிதாக இருக்கிறது, எண்ணைக் கொஞ்சம் கடினமாக்கு என்று கணிதக்காரர்கள் கேட்டிருந்தார்கள். மூன்றைப் பதின்மூன்றாக்கினாள். அது கணிதப் புத்தகத்தில் வெறும் கணக்கு. ஆனால் அந்தக் கட்டம் கால்நடைப் புத்தகத்துக்கும் போகிற கட்டம். தீவன எண்களைத் தொடக் கூடாது என்பது அவளே எல்லோருக்கும் சொல்லிவந்த விதி. அளவாகப் போட்டால் யூரியா காய்ந்த காலத்தில் மாட்டைத் தாங்கும். அளவு மீறினால், பசியில் ஆவலாகக் குடிக்கிற மாடு நின்ற இடத்திலேயே நுரை தள்ளி விழும்.

அலுமிதா தொலைபேசியை இழுத்தாள். சிகேலியின் எண்ணை அழுத்தினாள். கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அவன் குன்றிலிருந்து இறங்கியிருப்பான்.

வழி இல்லாமல் இல்லை. மத்தியானச் செய்தி முடிந்ததும் ரேடியோவில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். இன்ன ஊரில் இன்னார் இறந்தார், இன்ன கப்பல் தாமதம், இன்ன மாணவர் உடனே அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும். அந்த நேரத்தில் நாட்டில் ஒரு வீட்டில் கூடப் பேச்சுச் சத்தம் இருக்காது. துறைத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாசித்துவிடுவார்கள். வுனிகூரா கேட்கும். கடைசித் தீவு வரைக்கும் கேட்கும்.

அதுதான் பிரச்சினை. எல்லாரும் கேட்பார்கள்.

டாக்டர் விமலேஷின் அறை திறந்திருந்தது. பிரிஸ்பேனிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகளிடம் அவர் நான்கு புத்தகங்களையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "ஒரே அட்டவணை, ஒரு பிழை வந்தது கிடையாது" என்று அவர் சொல்வது வாசல் வரை கேட்டது. அவளைப் பார்த்துவிட்டு, "வா வா அலுமிதா, உன்னைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். என்ன விஷயம்?" என்றார்.

வாயைத் திறந்தாள். விருந்தாளிகளையும் விரித்திருந்த புத்தகங்களையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல டாக்டர். ஊர்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. லீவு வேணும்."

"தாராளமா போயிட்டு வா."

இப்படித்தான் அவள் பொய் சொன்னாள். படிக்கட்டில் இறங்கும்போதே தனக்கும் சில பொய்களைச் சொல்லிக்கொண்டாள். மற்றத் தீவுகளில் பருவம் இப்போதுதானே தொடங்கியிருக்கிறது, யார் அந்தப் பாடத்துக்கு வந்திருப்பார்கள்? வந்திருந்தாலும் யார் நிஜமாகவே கலக்கப் போகிறார்கள்? சிகேலி ஒருத்தன்தான் கிறுக்கன். அவனை மட்டும் தடுத்துவிட்டால், மெதுவாக ஒரு திருத்தத் தாள் அச்சடித்து ஒன்றும் நடக்காதது போல அனுப்பிவிடலாம். பஸ் நேராகப் போனால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்கில் புலியான அவளுக்கு அந்தக் கணக்கு தேறாது என்று தெரியும்.

பஸ் வழியில் கோரோவோவில் நின்றது. ஓட்டுநர் இறங்கி ரொட்டியும் கறியும் வாங்கிச் சாவகாசமாகச் சாப்பிட்டார். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் மடி நிறையச் சேப்பங்கிழங்கோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "துக்கத்துக்குப் போறியாம்மா?" என்று கேட்டாள். அலுமிதா இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஆமாம் என்று ஆட்டினாள்.

பச்சை மலைகள் போய்ப் பழுப்பு மலைகள் வரத் தொடங்கியபோது ஓட்டுநர் ரேடியோவைக் கூட்டி வைத்தார். பஸ் முழுக்கப் பேச்சு நின்றது. அறிவிப்புகள். தைலேவுவில் ஒரு பெரியவர் இறந்திருந்தார். ஓவலாவுக்குப் போகும் கப்பல் நாளைக்குத்தான். நண்டிரோகாவில் காணாமல் போன குதிரை நெற்றியில் வெள்ளையோடு இருக்கும். அலுமிதா இரண்டு கையாலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். கால்நடைப் பாட மாணவர்கள் கவனிக்கவும் என்று ஒரு குரல் தொடங்கிவிடாதா என்று காத்திருந்தாள், தான் கொடுக்காத அறிவிப்புக்காக. வாசிக்கிற பெண் நன்றி சொல்லி முடித்தாள். பாட்டுப் போட்டார்கள்.

நெடுஞ்சாலையில் இறங்கி, கிடைத்த லாரியில் தொற்றி, மண்பாதையில் அரை ஓட்டமாக அவள் வுனிகூராவுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊரில் சத்தமே இல்லை. பிள்ளைகள் விளையாடும் புல்வெளி காலியாக இருந்தது. நாய்கள் மட்டும் ஆற்றங்கரைப் பக்கம் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ஆண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள்.

இரண்டு எருதுகளும் தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தன. வயிறு ஊதி, கால்கள் விறைத்து நீட்டிக்கொண்டு. ஒன்றின் வாயோரம் காய்ந்த நுரை. ஊரில் ஒரு மாடு விழுந்தால் ஆளுக்கொரு கத்தியோடு வந்து நிற்பார்கள். இன்று யாரும் கத்தி எடுத்து வரவில்லை. புதைக்கக் குழிதான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய பெரியம்மா அகனீசி வேலியோரம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு யாரும்மா சொன்னா? பார்த்தியா உன் மச்சான் பண்ண காரியத்தை. கணக்கு போடறானாம் கணக்கு! எட்டாங்கிளாஸ்ல எட்டையும் ஏழையும் கூட்டத் தெரியாம நின்னவன். பெரியப்பா அந்த எருதை அவன் கல்யாணத்துக்குக் கொடுக்கணும்னு வச்சிருந்தாரு. இனிமே உழவுக்கு யாரு மாடு கொடுப்பா? எந்தப் பொண்ணு இவனைக் கட்டிக்கும்? ஊரே சிரிக்குது."

அலுமிதா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லு, இப்போதே சொல்லு என்று உள்ளே ஏதோ கத்தியது. வெளியே வந்தது, "சிகேலி எங்க பெரியம்மா?" என்பதுதான்.

அவன் கொட்டகைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு தாள் கட்டு. அவளைப் பார்த்ததும் ஏதாவது வம்பாகப் பேசுவான் என்று பழக்கதோஷத்தில் எதிர்பார்த்தாள். அவன் தாளை நீட்டினான்.

"நீயே வந்துட்ட. நல்லதாப் போச்சு. எங்க தப்பு பண்ணேன்னு பாரு. மத்தியானத்திலேர்ந்து பார்த்துட்டேன், எனக்குத் தெரியல."

வாங்கிப் பார்த்தாள். பெரிய பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒவ்வொரு படியையும் தனி வரியில் எழுதியிருந்தான். விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. அவள் புத்தகத்தில் சொல்லித்தரும் அதே முறை. ஒரு புள்ளி பிசகவில்லை.

"மத்தியானம் ரேடியோவுல சேதி கேட்டுக்கிட்டேதான் நின்னேன். மாமா எப்பவும் அதைக் கேட்டுட்டுத்தான் எழுந்திருப்பாரு. அறிவிப்பு முடிஞ்சதும், வாங்க மாமான்னு கூட்டிட்டுப் போய்த் தொட்டியில ஊத்தினேன். என்னா ஆசையாக் குடிச்சுதுங்க தெரியுமா? மாமா என் தோள்ல தட்டினாரு. அப்புறம் பெரியது முதல்ல முன்னங்கால மடிச்சுது..." அவன் நிறுத்திக்கொண்டான். "சொல்லு அலுமிதா. எந்த வரில தப்பு?"

அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"இரு, வெளிச்சத்துல பார்க்கணும்," என்றாள். கோழை. அப்போதும் அவள் வேலையைத்தான் நினைத்தாள். டாக்டர் விமலேஷின் முகத்தை, பிரிஸ்பேன்காரர்களை, அறை வாசலில் எட்டிப் பார்க்கும் மாணவர்களை. இனி அவர்கள் எட்டிப் பார்த்து என்ன கேட்பார்கள் என்று நினைத்தாள்.

பொழுது சாய்ந்ததும் பெரியப்பா இலியேசாவின் வீட்டில் ஆட்கள் கூடினார்கள். தப்புச் செய்தவன் சபையில் திமிங்கலப் பல் வைத்து மன்னிப்புக் கேட்பது நம் முறை. பெரியவர் அந்தப் பல்லைத் தொட்டு வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தத் தப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, எந்தக் காலத்திலும். குத்திக்காட்டுகிறவனைத்தான் ஊர் கேவலமாகப் பார்க்கும். செத்துப்போன தன் அம்மா வைத்துவிட்டுப் போன திமிங்கலப் பல்லைத்தான் சிகேலி எடுத்து வந்திருந்தான். அவனுக்கென்று இருந்த ஒரே சொத்து அது.

அவன் தலையைக் குனிந்து முழங்காலில் ஊர்ந்து உள்ளே வந்தான். அலுமிதா வாசலோரம் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய தாள் அவள் இடுப்பில் செருகியிருந்தது. அவன் பல்லை இரண்டு கையிலும் ஏந்தி, தரையைப் பார்த்துப் பேசினான். "மாமா, என் மண்டையில மூளை இல்ல. படிக்கத் தெரியாதவன் படிச்சேன். கணக்குத் தெரியாதவன் கணக்குப் போட்டேன். உங்க எருதைக் கொன்னுட்டேன். மன்னிச்சிருங்க."

பெரியப்பாவின் முகம் கல்லாக இருந்தது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. வாங்கிக்கொள்வார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கையை நீட்டினார்.

அந்தக் கை பல்லைத் தொட்டுவிட்டால் போதும். யாரும் பேச மாட்டார்கள். புத்தகத்தைத் திறந்து யாரும் பார்க்க மாட்டார்கள். அவன் வாழ்நாள் முழுக்கத் தன்னை மண்டு என்று நினைத்துக்கொண்டு இருப்பான், யாரும் அதைச் சொல்லிக்காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். அலுமிதாவுக்கு மட்டும் தெரியும். அவள் தப்பித்துவிடுவாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. அது இனித்ததைக் கண்டு அவளுக்கு வந்த பயம் பிறந்ததிலிருந்து அதுவரை பட்ட எல்லாப் பயத்தையும் தூக்கிச் சாப்பிட்டது.

"பெரியப்பா, வாங்காதீங்க!"

சபையில் பெண் குரல். அத்தனை தலைகளும் திரும்பின. அகனீசி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அலுமிதா ஊர்ந்து நடுவுக்கு வந்தாள். வார்த்தை துண்டு துண்டாக விழுந்தது.

"அவன் கணக்கு சரி. ஒவ்வொரு வரியும் சரி. புத்தகம் தப்பு. மூணுன்னு இருக்க வேண்டியதைப் பதிமூணுன்னு நான்தான் மாத்தினேன். காலையில அவன் போன் பண்ணப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரேடியோவுல சொல்லியிருக்கலாம். பயந்துக்கிட்டுச் சொல்லல."

சிகேலி தலையைத் தூக்கினான். அவனுக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் உதடு கோணியது.

"என் கணக்கு சரியா?"

"சரி மச்சான்."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

சொன்னாள். அந்தப் பெரிய உடம்புக்காரன் கையில் ஏந்திய பல்லோடு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பெரியப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "இந்தப் புத்தகம் வேற யார் கையில இருக்கு?" என்று கேட்டார்.

"எல்லாத் தீவுலயும் இருக்கு."

அலுமிதா சிகேலியின் கையிலிருந்த பல்லை எடுத்தாள். அதை இரண்டு கையிலும் ஏந்தி அவன் முன்னாலேயே நீட்டித் தலையைக் குனிந்தாள். அவன் வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பல்லைத் தொடவில்லை.

"முதல்ல குன்றுக்கு வா," என்றான். "போன் பண்ணு. அப்புறம் பார்க்கலாம்."

குன்றில் ஏறும்போது அவள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தடவையும் அவன் நின்று காத்திருந்தான். ஒரு கிண்டல் இல்லை, ஒரு வசவு இல்லை. மேலே காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவனே எண்ணை அழுத்திப் போனை அவள் காதில் வைத்தான்.

டாக்டர் விமலேஷ் உடனே எடுத்தார். "அலுமிதா! உன்னைத்தான் சாயங்காலத்திலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன். கண்டாவுத் தீவுலேர்ந்து ஒரு பொண்ணு பேசினா, கால்நடைப் பாடம் படிக்கிறவ. இன்னைக்கு மத்தியானம் ஏதோ தீவனம் கலந்து வச்சாளாம், அவங்க வீட்டு மாடு நாலும் போயிடுச்சாம். ஒரே அழுகை. கணக்குல எங்கயோ பிசகிட்டேன், எங்கன்னு சொல்லுங்கன்னு கேக்கறா. பாவம், சின்னப் பொண்ணு. நீதானே பார்த்துச் சொல்லணும்?"

அலுமிதா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணும் மத்தியானம் ரேடியோ கேட்டிருப்பாள்.

"அவ பிசகல டாக்டர்," என்றாள். "நான் சொல்றதை எழுதிக்கோங்க. காலைச் செய்தி வரைக்கும் வைக்காதீங்க, இப்பவே ரேடியோவுல படிக்கச் சொல்லுங்க. என் பேரைப் போட்டே படிக்கச் சொல்லுங்க."